தொகுதிக்காக நம் பெண்கள் பெற வேண்டுமா?

2025 மார்ச்சில் நாகப்பட்டினம் திருமண மேடையில் முதல்வர் ஸ்டாலின், உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். தொகுதி மறுவரையறை அநீதிதான், நாமும் எதிர்க்கிறோம். அதற்கு விடை நம் பெண்களின் கருப்பையிலா இருக்கிறது?

இத்தனை நாளும் ‘சேரிக்காரன் பெற்றுத் தள்ளுகிறான்’ என்றுதானே கேட்டோம்! தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பட்டியல் சாதிப் பெண்களின் கருவுறுதல் விகிதம் 2005-06இல் 2.92, 2019-21இல் 2.08. ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்ற கணக்கல்ல இது. அந்தக் கணக்கு இளவயதினர் அதிகமுள்ள தெருவில் தானாகவே ஏறும், பழிபோட வசதியானது. இது, 15 முதல் 49 வயதுவரை அந்தந்த வயதில் இன்று பெறுகிறபடியே பெற்றால் ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்பது.

ஏன் குறைந்தது? காஞ்சிபுரத்தில் முன்பணம் வாங்கிப் பிள்ளையைப் பட்டுத்தறியில் விட்ட காலம் உண்டு. அன்று பிள்ளை என்பது கடன் அடைக்கும் கை. பள்ளிக்கூடம் போனதும் அதே பிள்ளை செலவு. பிறந்தது பிழைக்கும் என்ற தெம்பும் வந்தது. பெண் படித்தாள், கல்யாணம் தள்ளிப்போனது. மேடைப்பேச்சுக்கு இதில் பங்கில்லை.

கத்தியும் அவள் வயிற்றில்தான் விழுந்தது. தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை ஒரு சதவீதம்கூட இல்லை. கர்ப்பத்தடையைப் பெண் விடுதலைக்காகக் கேட்டவர் பெரியார். நாட்டுக் கணக்குக்காக அல்ல. அவர் பெயர் சொல்லும் கட்சிக்கு இது தெரியாதா?

குப்பை வண்டியோடு ஓடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், தறிக்கூலிக்காரிக்கும் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கைக்கு வர வழிசெய்யுங்கள். பிறகு மேடையேறுங்கள்.