ஆத்தைக் கடக்கிற வரைக்கும்தான் ரொசெட்டா

புது லேப்டாப் வாங்கணும்னு யாரிடமாவது யோசனை கேட்டுப் பாருங்க. எத்தனை கோர், எவ்வளவு ரேம், பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும் என்று வரிசையாகச் சொல்லுவாங்க. "நீ இப்போ பயன்படுத்துற சாஃப்ட்வேர் அதுல ஓடுமா? அஞ்சு வருஷம் கழிச்சும் ஓடுமா?" என்று கேட்கிறவர் வகுப்புக்கு ரெண்டு பேர் இருந்தால் அதிகம். கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என் கட்சி.

மைக்ரோபிராசஸர் லேபை நினைச்சுப் பாருங்க. 8085 கிட்டில் 76 என்று அடித்தால் அது ஹால்ட், பிராசஸர் நின்றுவிடும். அதே 76, அதே இன்டெல் கம்பெனியின் 8086-க்குப் போனால் 'கீழே அல்லது சமமாக இருந்தால் தாவு' என்று அர்த்தம். ஒருத்தன் நிற்கச் சொன்னதை இன்னொருத்தன் தாவச் சொன்னதாக எடுத்துக்கிறான். கம்பைல் செய்த எந்த ப்ரோக்ராமும் இப்படி ஒரே ஒரு பிராசஸர் குடும்பத்தின் பாஷையில் எழுதப்பட்டதுதான். கம்ப்யூட்டர் கம்பெனி பிராசஸரை மாற்றினால், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்.

இதை அதிக முறை செய்து பழகிய கம்பெனி ஆப்பிள். 1994-ல் மோட்டரோலா 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசி. 2006-ல் பவர்பிசியிலிருந்து இன்டெல். 2020-ல் இன்டெல்லிலிருந்து ஆர்ம் அடிப்படையிலான சொந்தச் சிப். மூணு முறையும் பழைய ப்ரோக்ராம்களை ஓட்ட ஒரு பாலம் போட்டுக் கொடுத்தார்கள். கடைசி இரண்டு பாலங்களுக்கும் பேர் ரொசெட்டா.

பாலம் போட்டதற்குக் கைதட்டலாம். ஆனா பாலத்தை எடுத்த கதையை யாரும் மேடையில் சொல்றதில்லை.

2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் இன்டெல்லுக்கு மாறுவதாக அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வந்தது. பவர்பிசி ப்ரோக்ராம்கள் ரொசெட்டாவில் கொஞ்சம் மெதுவாக ஓடின. ஆனால் மேக் ஓஎஸ் எக்ஸுக்கு முந்தைய ப்ரோக்ராம்களை ஓட்டிக்கொண்டிருந்த 'கிளாசிக்' வசதி இன்டெல் மேக்கில் முதல் நாளிலிருந்தே கிடையாது. 2011 ஜூலையில் லயன் வந்தபோது ரொசெட்டாவும் போச்சு. மொத்தம் ஐந்தரை வருஷம்.

"பழைய ஓஎஸ்ஸை விர்ச்சுவல் மெஷினில் போட்டு ஓட்டிக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீங்க. தொழில்நுட்பம் அதற்கு இடம் கொடுத்தது. லைசென்ஸ் கொடுக்கவில்லை. ரொசெட்டா இருந்த கடைசிப் பதிப்பான ஸ்னோ லெப்பர்டில், சர்வர் பதிப்பை மட்டும்தான் விர்ச்சுவல் மெஷினில் போட அனுமதி இருந்தது. சாதாரணப் பயனருக்கு விற்ற பதிப்புக்கு அது கிடையாது.

இன்னொரு இழப்பையும் பாருங்க. மேக்குக்கான ஆஃபீஸ் 2008-ல் மைக்ரோசாஃப்ட் விபிஏ மேக்ரோ வசதியையே எடுத்துவிட்டது. அதன் உள்கட்டமைப்பு பவர்பிசியோடு அவ்வளவு பின்னிப் பிணைந்திருந்தது. இன்டெல்லுக்கு மாற்றி எழுத ரொம்ப காலம் ஆகும் என்றார்கள். அடுத்த பதிப்பான ஆஃபீஸ் 2011-ல்தான் அது திரும்பி வந்தது. அந்த மேக்ரோக்களை எழுதினது யாரு? எக்செலில் கணக்குப் பார்க்கிற சாதாரண ஆட்கள். பிராசஸர் மாறினதில் அவங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனா வேலை நின்னது அவங்களுக்குத்தான்.

2020-ல் வந்த ரொசெட்டா 2, பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை. ப்ரோக்ராமை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும். மெமரியில் எழுதும் வரிசையில் இன்டெல் மாதிரியே நடந்துகொள்ள, எம்1 சிப்பிலேயே தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. மொழிபெயர்ப்பு நடக்குதுன்னே பல பேருக்குத் தெரியாது. ஆனா இந்தப் பாலம் எத்தனை வருஷம் இருக்கும் என்று அன்று தேதி சொல்லவில்லை. 2025-ல்தான் சொன்னார்கள்: மேக்ஓஎஸ் 27 வரைக்கும் முழு ரொசெட்டா, அதற்கப்புறம் சில பழைய கேம்களுக்கு மட்டும். ஆத்தைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ.

மாறியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பவர்பிசி ஜி5 சிப்பின் சூட்டை ஒரு லேப்டாப்புக்குள் கடைசி வரை அடக்க முடியவில்லை. அங்கேயே நின்றிருந்தால் ஆப்பிள் தேங்கிப் போயிருக்கும். பாலமே இல்லாமல் மாறினால் என்ன ஆகும் என்பதை மைக்ரோசாஃப்டைக் கேளுங்க. 2012-ல் ஆர்ம் சிப்போடு வந்த சர்ஃபேஸ் ஆர்டியில் பழைய விண்டோஸ் ப்ரோக்ராம் எதையும் போட முடியாது. அடுத்த வருஷமே 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள்.

"பழசை எல்லாம் காலம் பூரா சுமக்க முடியுமா?" என்ற வாதம் உண்டு. ஐபிஎம் சுமக்கிறதே! 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360-க்கு எழுதிய அப்ளிகேஷன் ப்ரோக்ராம்களை இன்றைய மெயின்ஃபிரேமிலும் ஓட்ட முடியும். பேங்க் வாடிக்கையாளர் கேட்டார், ஐபிஎம் செய்தது. நம்மை மாதிரி வாடிக்கையாளர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாம கேட்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பிராசஸர் மாற்றத்தை அறிவிக்கிற மேடையிலேயே பாலத்தின் கடைசித் தேதியையும் அறிவிக்கணும். ரெண்டு, பாலத்தை எடுத்த பிறகு, பழைய ஓஎஸ்ஸை விர்ச்சுவல் மெஷினிலோ எமுலேட்டரிலோ ஓட்ட லைசென்ஸ் தடையா நிற்கக் கூடாது.

நம்ம ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கு. டர்போ சி! அது 16 பிட் ப்ரோக்ராம். 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. இன்னும் எத்தனையோ காலேஜ் லேபில் அந்த நீலத்திரை தெரிகிறதென்றால் அதற்குக் காரணம் டாஸ்பாக்ஸ். அதைச் செய்தது போர்லேண்டும் இல்லை, மைக்ரோசாஃப்டும் இல்லை. சோர்ஸைத் திறந்து வைத்த தன்னார்வலர்கள். டர்போ சியை இன்னும் சிலபஸில் வைத்திருப்பது நியாயமா என்பது வேற சண்டை. ஆனா கம்பெனி போட்ட பாலங்கள் போன பிறகும் இந்தப் பாலம் நிற்குது.

இப்போ ஆர்ம் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் கடைக்கு வந்தாச்சு. சாதாரண ப்ரோக்ராம்களை அதிலுள்ள எமுலேட்டர் சமாளிச்சிடும். டிரைவரை மொழிபெயர்க்காது, டிரைவர் ஆர்முக்கென்றே எழுதியிருக்கணும். மைக்ரோகன்ட்ரோலர் ப்ரோக்ராமர், லைசென்ஸ் டாங்கிள், பழைய லேப் கருவி எதுவானாலும் வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. எட்டாவது செமஸ்டர் வரைக்கும் தேவைப்படும் சாஃப்ட்வேரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் அந்தச் சிப்புக்கு இருக்கா என்று தயாரிப்பாளர் தளத்தில் சரிபாருங்க. ஒரு சாயங்கால வேலைதான்.

நாளைக்கு நீங்களும் சாஃப்ட்வேர் எழுதப் போறவங்க. ஸ்ட்ரக்ட்சரை அப்படியே ஃபைலில் கொட்டாதீங்க. பவர்பிசி மேக்கில் பெரிய பைட் முதலில், இன்டெல்லில் சின்ன பைட் முதலில் என்ற ஒரே வித்தியாசம் அன்று எத்தனையோ பேரைப் படுத்தியது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டை வெறும் இஎக்ஸ்இயாகக் கொடுத்துவிட்டுப் போகாதீங்க. சோர்ஸ், பில்ட் செய்கிற முறை, திறந்த வடிவத்தில் டேட்டா, இந்த மூணும் இருந்தால் எந்தச் சிப் வந்தாலும் ஒரு ஜூனியர் அதை எழுப்பிவிடுவான். சோர்ஸ் இல்லையென்றால், அடுத்த ரொசெட்டாவை எவ்வளவு நாள் விட்டு வைப்பாங்கன்னு நாம பார்த்துக்கிட்டே உட்கார வேண்டியதுதான்.