அலையும் வெயிலும் வீணாகலாமா?

குன்றத்தூர் முருகன் கோவில் மலையில் ஏறி நின்று பாருங்கள். கீழே செம்பரம்பாக்கம் ஏரி தெரியும். அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள்.

அங்கே கார் செய்கிறார்கள், செல்போன் செய்கிறார்கள். வெயிலை மின்சாரமாக மாற்றும் தகடுகளும் செய்கிறார்கள்! ஒரகடத்தில் 2021-ல் விக்ரம் சோலார் ஆலை வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது.

குன்றத்தூரிலிருந்து கிழக்கே போனால் கடல். கரை நெடுக மீனவர் குப்பங்கள். அங்கே வெயிலுக்கும் பஞ்சம் இல்லை. அலைக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் மின்சாரம் நின்றால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாவிட்டால் மீன் கெடும். கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் தவித்தன. ஊருக்குள்ளேயே கொஞ்சம் மின்சாரம் உண்டாகி இருந்தால் குடிதண்ணீர் மோட்டாராவது ஓடியிருக்கும் அல்லவா?

அலையில் மின்சாரமா?

ஆம்! கேரளத்தில் விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தில் 1991-லேயே சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்கள் செய்து காட்டினார்கள். கடலில் ஒரு பெரிய கான்கிரீட் அறை கட்டினார்கள். அலை உள்ளே புகுந்து ஏறும்போது, அறையில் உள்ள காற்று மேலே தள்ளப்படும். கொல்லன் உலைத் துருத்தி போலத்தான். அந்தக் காற்று சக்கரத்தைச் சுற்றும், மின்சாரம் பிறக்கும். அதன் அளவு 150 கிலோவாட். இன்று அது இயங்கவில்லை.

2022 நவம்பரில் அதே ஐ.ஐ.டி.யினர் ‘சிந்துஜா’ என்ற மிதவைக் கருவியைத் தூத்துக்குடி கடலில், கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தூரத்தில் இறக்கிச் சோதித்தார்கள். கிடைத்தது 100 வாட். பத்து சிறிய எல்.இ.டி. பல்பு எரியும், அவ்வளவுதான். ஆராய்ச்சி வளரட்டும். ஆனால் அதுவரை மீனவர்கள் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். வெயில் இன்றே கைக்கு எட்டுகிறது.

வீட்டுக் கூரையில் தகடு வைக்க, 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம். ஆனால் ஓலைக் குடிசை அந்தத் தகட்டைத் தாங்குமா? எனவே குப்பத்தின் பொதுக் கட்டடங்களில் வையுங்கள். மீன் ஏலக் கூடம், ஐஸ் வைக்கும் அறை, புயல் காப்பகம், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் கூரைகள் போதும். இரவுக்குப் பாட்டரி வேண்டும். புயலில் பறக்காதபடி தகடுகளை இறுக முடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடும், வெயில் குறையும். அப்போதுதான் நம் கடலில் அலை பொங்கும்! நாளை அலை மின்சாரமும் சேர்ந்துகொண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்.

ஒன்று முக்கியம். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். தகட்டில் உப்புப் படியும். அதைக் கழுவவும், பழுது பார்க்கவும் உள்ளூரில் ஆள் வேண்டும். ரிப்பன் வெட்டிவிட்டுப் போனால் போதாது. ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு இளைஞர்களுக்கு, ஆணோ பெண்ணோ, ஐ.டி.ஐ.யில் பயிற்சி கொடுங்கள். சம்பளமும் கொடுங்கள்.

தகடு செய்யும் ஊர் இங்கே. வெயில் காயும் கரை அதோ. நடுவே உள்ள தூரம் கொஞ்சம்தான். அதைக் கடக்க மனம் வேண்டும்!