ஊசிக்கு முன் ஒரு பரிசோதனை

முடக்குவாதத்திற்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்தைப் பரிந்துரைக்கும்போது, "வலி மூட்டில் இருக்க, காசநோய்ப் பரிசோதனை எதற்கு?" என்று பலர் எங்களிடம் வினவுகின்றனர். இதற்கான விடை எலிகளிடம் நடந்த ஆய்வுகளிலேயே உள்ளது.

டி.என்.எஃப். என்பது நோயெதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் ஒரு புரதம். மனித டி.என்.எஃப். மிகுதியாகச் சுரக்குமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு மூட்டழற்சி உண்டானது. அப்புரதத்தைத் தடுத்தபோது நோய் தோன்றவில்லை. இது 1991இல் வெளியான ஆய்வு. 1995இல் வெளியான மற்றோர் ஆய்விலோ, இப்புரதத்தின் செயல் தடைப்பட்ட எலிகள் காசநோய்க் கிருமிக்கு எளிதில் இரையாயின. மூட்டை அரிக்கும் அதே புரதம், கிருமியை அடக்கியும் வைக்கிறது.

இன்ஃப்ளிக்சிமாப் என்னும் தடுப்பு மருந்தைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் ஏற்பட்டதை 2001இல் வெளியான அறிக்கை பதிவு செய்தது. எலிகள் தந்த எச்சரிக்கை மனிதரிடத்தும் மெய்யாயிற்று.

ஆகவே, மார்பு எக்ஸ்ரேயும் தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் வீண் தாமதம் அல்ல; சிகிச்சையின் முதற்படி என்றே நாங்கள் கருதுகிறோம். கிருமி உறங்குவது தெரிந்தால், அதற்கு முதலில் மருந்து தர இயலும். ஊசி தொடங்கிய பின்னரும் விடாத இருமல், காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவற்றைக் கண்டால், அடுத்த ஊசிக்கு முன்பே எங்களிடம் தெரிவியுங்கள்.