ஓர் ஊர், நான்கு மாவட்டங்கள்

பழைய இராமநாதபுரம் மாவட்டம் என்றதும் நாம் சேதுச் சீமையை மட்டுமே நினைக்கிறோம். 75 ஆண்டுகள் அதில் அடங்கியிருந்த மேற்குக் கரிசல் பகுதியை எளிதாக மறந்துவிடுகிறோம்.

இராஜபாளையம் வட்டாரத்துத் தளவாய்புரத்தை எடுத்துக்கொள்வோம். 1910 வரை அது திருநெல்வேலி மாவட்டம். அவ்வாண்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை ஆங்கில அரசு அமைத்தபோது, திருவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் அதில் சேர்ந்தன. ஆட்சியர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில்! தன் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கத் தளவாய்புரத்துக்காரர் வேற்று மாவட்டத்துக்குப் போக வேண்டும். இந்த விசித்திரத்தை யாரேனும் கதையாக்கியிருக்கலாம். 1985இல் மாவட்டம் மூன்றாக உடைந்து, இப்பகுதி காமராசர் மாவட்டமாயிற்று. 1997இல் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியபின் விருதுநகர் மாவட்டம். ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நம் மனக்குறை பதிப்பாசிரியர்கள் மீதுதான். நூற்றாண்டுக்கு முன் பிறந்தவருக்கும் 'விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்' என்று கூசாமல் எழுதிவிடுகிறார்கள். காமராசர் பிறந்த 1903இல் விருதுபட்டி, திருநெல்வேலி மாவட்டத்துச் சாத்தூர் வட்டத்தில் இருந்தது. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் பற்றிய அக்கால அரசுக் குறிப்புகளையும் திருநெல்வேலிக் கட்டுகளில்தான் தேட வேண்டும். இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் நம்பிப் போகும் இளம் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்புவார்.

எனவே ஆசிரியர் குறிப்புகளில் அக்கால வட்டத்தையும் மாவட்டத்தையும் முதலில் எழுதுங்கள். இன்றைய பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.