ஜிகினா குற்றமில்லை, பெயரை விட்டதுதான் குற்றம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்காக என் பேத்தி 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்கு ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் திண்ணையில் இருந்தார். "ஒப்பாரிக்கு ஜிகினா ஒட்டி விக்கிறாங்க சார்" என்றார். அன்று பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்தப் பாட்டு 2021 மார்ச் 7 அன்று வெளிவந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். கம்ப்யூட்டர் தாளம், மினுங்கும் உடை, கழுத்து நிறைய நகை, காட்டுக்குள் ஆட்டம் எல்லாம் உண்டு. ஆனால் பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பி வந்த குடும்பம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மட்டும் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. நட்டு வளர்த்த மண்ணில் ஒரு சென்ட் கூடச் சொந்தமில்லாமல் போன சனங்களின் கதைதான் அந்தப் பாட்டு.

அதற்கு ஏன் ஜிகினா என்கிறார் நண்பர். நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆளே இப்படிக் கேட்கலாமா? நம் தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கீர்த்தியும் எதனால் மின்னுகின்றன? கட்டைமேல் ஒட்டிய கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும்தானே! பகலெல்லாம் கழனியில் சேறு மிதித்தவர் இராத்திரி அதைக் கட்டிக்கொண்டு துரியோதனனாக வந்து நிற்பார். ஊரே எழுந்து பார்க்கும். அதை ஆபாசம் என்று யாரும் சொன்னதில்லை. உழைத்த உடம்புக்கும் மினுங்க உரிமை உண்டு.

என் மனதை உறுத்துவது வேறு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டைப் பாடினார்கள். மேடையில் அறிவு இல்லை. அவர் தன் வருத்தத்தை எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்க விளக்கத்தைச் சொன்னார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. நிலம் பறிபோனவர்களைப் பற்றிய பாட்டிலேயே பெயர் யாருக்கு என்று சண்டை வந்ததே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் நானும் அந்தத் தவறைச் செய்தவன்.

இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிது. நடவுக்குப் போகும் ஒரு அம்மா பாடியதைக் கேட்டேன். மதிய வேளையில் வரப்பில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போட்டியில் முதல் பரிசு. பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டு, எனக்குச் சான்றிதழ். 'பாடல் அமைத்துப் பயிற்றுவித்த ஆசிரியர்' என்று என் பெயர். திருத்தலாம் என்று தோன்றியது. திருத்தவில்லை.

பிறகு அதே பாட்டு எங்கள் பள்ளி ஆண்டு விழாவிலும் நடந்தது. அந்த அம்மா வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, "நம்ம பாட்டுதானே சார்? நல்லா பாடுச்சுங்க பிள்ளைங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு காலம் வலித்திருக்காது. இப்போது அவர் இல்லை.

அவரைக் கைதட்டலுக்குக்கூட மேடைக்கு அழைக்காதவன் நான். ஜிகினாவைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். நாட்டுப்புறப் பாட்டு என்றால் யாருடையதும் இல்லை என்று பொருள் இல்லை. பாட்டை எழுதிக்கொள்ளும் நோட்டிலேயே பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடும்முன் மைக்கில் அதைப் படியுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். சினிமாப் பாட்டுக்கு ஆடினாலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரைப் பிள்ளைகளையே சொல்ல வையுங்கள். அதுவும் பாடம்தான்.

என் பேத்தியின் ஆசிரியையிடம் பேசிவிட்டேன். ஆட்டத்துக்கு முன்னால் பெயர்களோடு வள்ளியம்மாள் பெயரையும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த நடவுக்கார அம்மாவின் பெயரை நீங்கள் கேட்பீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவர் பாட்டைத்தான் கேட்காமல் எடுத்தேன், பெயரையும் கேட்காமல் எடுக்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மகனைப் பார்க்கப் போகிறேன். அவர் சரி என்றால் அடுத்த பதிவின் முதல் வரி அந்தப் பெயர்தான்.