பிக்கப்புக்குப் பனித்தகடா? வேண்டாம் சாப்!

மணாலிப் பக்கம் மாற்றலாகி வந்து இது ரெண்டாவது குளிர்காலம். போன வாரம் ஆப்பிள் பெட்டி ஏத்துற ஒருத்தர் வந்தார். தன் பிக்கப் வண்டிக்கு முன்னால பனி தள்ளுற தகடு மாட்டணுமாம். "கடன் குடுங்க சாப்" என்றார். முடியாதுன்னேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போச்சு.

காரணம் வெறும் கணக்குதாங்க. தகடும் அதைத் தாங்குற சட்டமும் சேர்ந்தா 200 கிலோவைத் தாண்டும். அது முன் அச்சுக்கும் முன்னால தொங்கறதால, நெம்புகோல் மாதிரி வண்டியோட பின்பக்கத்தைத் தூக்கும். அவரோடது ரியர் வீல் டிரைவ். தள்ள வேண்டிய சக்கரமே பனியில சும்மா சுத்தும். பின்னால மணல் மூட்டை போட்டா சரியாகும், ஆனா சரக்கு ஏத்துற எடை போச்சு.

"அமெரிக்காவுல மாட்டறாங்களே?" என்றார். அங்கே அதுக்குன்னே முன் ஸ்பிரிங்கைப் பலமாக்கி, ஃபோர் வீல் டிரைவோட வண்டி விக்கறாங்க. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு. நாளைக்கு விபத்துன்னா இன்சூரன்ஸ்ல கையை விரிச்சிடலாம்.

பத்து வீடு சேர்ந்து ஒரு ஜேசிபியை வாடகைக்கு எடுங்கன்னு சொல்லி அனுப்பினேன். கடன் குடுக்கறது எங்களுக்குச் சுலபம். ஆனா அந்த வண்டிதானே அவர் வீட்டுச் சோறு?

நீங்க என் நாற்காலியில இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?