பேராண்டியும் பாட்டியும்

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடகர் அறிவு, 2024இல் தனி ஆல்பம் தந்தார்: 'வள்ளியம்மா பேராண்டி'. குழுவின் கோபம் பாப் இசையில் நீர்த்ததா என்பதல்ல என் கேள்வி. வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி. தகப்பன் பெயரையே முன்னெழுத்தாகச் சுமக்கும் தமிழ்நாட்டில், ஒரு பேரன் பாட்டியைச் சொல்லித் தன்னை அறிவிப்பது சின்ன விஷயமா?

நாம் என்ன செய்கிறோம்? போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள் கட்டிய பாட்டை 'நாட்டார் பாடல்' என்று அச்சிடுகிறோம். தொகுத்த பேராசிரியர் அட்டையில். பாடியவள் 'தகவலாளி'யாகப் பின்னிணைப்பில், வயது, சாதி, ஊரோடு. (என் துறையின் லட்சணம் இது.)

பாட்டுக் கட்டியவள் கவிஞர் இல்லையா? பேரன் ஆல்பம் போடும்வரை அவள் காத்திருக்க வேண்டுமா? அடுத்த பதிப்பில் அவள் பெயரை அட்டையில் போடுங்கள். ராயல்டியையும் அவளுக்கே கொடுங்கள்.